சந்தியாகு கொண்டுபோன பதில்

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்ஙனயே கிடக்கட்டும். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, கடலூர்லேருந்து பஸ்ஸுல வந்திருக்கிய, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஜெசிந்தா, ரெண்டு டீ போடு. தம்பிக்குச் சீனி போடலாம்ல? எனக்குத்தான் ஆகாது.

ஆமா, தண்டல் பெர்க்மான்ஸ் நான்தான். உங்க முதலாளி கடல் தொழிலுக்குப் புதுசுன்னு சொன்னிய, அதனால சொல்லுதேன். கப்பல்ல கேப்டன் மாதிரி எங்க தோணியில தண்டல். அவன் சொன்னா பாய் ஏறும், அவன் சொன்னா இறங்கும். நான் முப்பத்தோரு வருசம் தண்டலா இருந்தேன். இந்தப் பழைய துறைமுகத்துல யாரை வேணா கேட்டுப் பாருங்க, பெர்க்மான்ஸ் ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்தான்னு ஒருத்தர் சொல்லமாட்டாங்க.

என்ஜின் டிரைவர் ரெமிஜியுசைப் பத்தித்தானே கேக்கிய? சொல்லுதேன். நல்லதையும் சொல்லுவேன், கெட்டதையும் சொல்லுவேன். ஆளு வேலைக்காரன். என்ஜின் சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்துல கோளாறுன்னு சொல்லுவான். குடி கிடையாது. பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் உண்டு. பதினொரு மாசமா எந்தத் தோணியும் அவனை ஏத்தலை. இப்ப ஒரு ஐஸ் கம்பெனியில மோட்டார் பாத்துக்கிட்டு இருக்கான். உங்க தோணியும் இல்லைன்னு ஆனா குடும்பத்தோட வடக்க எங்கயோ போயிருவான்னு பேச்சு. அது எனக்கும் வருத்தம்தான். ஏத்தாதியன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கேட்டவங்களுக்கு நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். உங்களுக்கும் அதையே சொல்லுதேன். எடுக்கிறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.

போன மே மாசம். மழைக்காலத்துக்குத் துறைமுகத்தை அடைக்கிறதுக்கு முந்தின கடைசி ஓட்டம். மாலத்தீவுக்குச் சரக்கு. கீழ கூரை ஓடு, மேல வெங்காயம். தோணிக்குப் பேரு மரிய சகாயம், மரத்தோணி, நல்ல ஓட்டக்காரி. எட்டுப் பேரு நாங்க. நான், டிரைவர் ரெமி, சமையலுக்குப் பண்டாரி சந்தியாகு, மிச்சம் அஞ்சு பேரு கலாசிங்க, அதான் தோணி வேலையாளுங்க.

சரக்கு ஏத்துற அன்னைக்குத்தான் சண்டை. சண்டைன்னுகூடச் சொல்லக்கூடாது. அவன் எனக்கு மரியாதை குறைச்சல் பண்ணினான். என்ன பண்ணினான்னா, எனக்குத் தெரியாம முதலாளிக்குப் போன் போட்டான். தண்ணி இறைக்கிற பம்பு தேய்ஞ்சு போச்சு, மாத்தணும், விசிறித்தண்டு வெளிய போற ஓட்டையில அடைப்பு தளர்ந்துபோச்சு, தோணியைக் கரையேத்தித்தான் சரிபண்ணணும், இந்த ஓட்டம் வேண்டாம்னு சொல்லியிருக்கான். என்ஜின்லேருந்து ஒரு இரும்புத்தண்டு தோணியோட பின்பக்கம் ஓட்டை வழியா வெளிய போயி விசிறியைச் சுத்தும் பாருங்க, அந்த ஓட்டையில கடல் தண்ணி உள்ள வராம கயித்துத் திரி மாதிரி ஒண்ணைச் சுத்தி இறுக்கி வச்சிருப்போம். அதைச் சொல்லுதான்.

சொன்ன விசயம் சரியா தப்பான்னு நான் இப்பப் பேசல. டிரைவர் தண்டல்கிட்டச் சொல்லணும், தண்டல் முதலாளிகிட்டச் சொல்லணும். அதுதான் எங்க துறைமுகத்துல முறை. என் தலைக்கு மேல எட்டி அவன் முதலாளிகிட்டப் பேசினா, நான் எதுக்கு? அதுக்கு முந்தின வாரம் என்கிட்டச் சொன்னானாம். சொல்லியிருப்பான். நான் பாப்போம்னு சொல்லியிருப்பேன். பாப்போம்னு சொன்னா பாப்போம்னு அர்த்தம்.

முதலாளி எனக்குப் போன் போட்டு, என்ன பெர்க்மான்ஸ், டிரைவர் இப்படிச் சொல்லுதான், ஓட்டத்தை நிப்பாட்டிருவமான்னு கேட்டாரு. நீங்களே சொல்லுங்க தம்பி, நான் என்ன சொல்லுவேன்? ஆமா, டிரைவர் சொல்லுததுதான் சரின்னு சொன்னா, அப்ப இந்தத் தோணியில எதெது எப்படி இருக்குன்னு தண்டலுக்குத் தெரியலன்னு ஆயிரும்ல. எட்டு வருசமா இதே பம்புதான் ஓடுது, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அவரும் உன் பொறுப்புன்னு வச்சிட்டாரு.

அன்னையிலேருந்து நான் ரெமிகிட்டப் பேசல. அவனும் பேசல. நான் பேசாததுக்கு நியாயம் இருக்கு, அவன் பேசாததுக்கு என்ன நியாயம்னு எனக்கு இன்னும் தெரியல.

டீயைக் குடிங்க, ஆறிப்போயிரும்.

திங்கட்கிழமை காலையில மாதா கோயில் பக்கம் பாத்துக் கும்பிட்டுப் புறப்பட்டோம். பேசாம எப்படித் தோணி ஓட்டுனியன்னு கேப்பிய. சந்தியாகு இருந்தான்ல. நான் பின்னால சுக்கான் பக்கம் நிப்பேன். என்ஜின் குழிக்கு இறங்குற வாய் எனக்கு முன்னால பத்து எட்டுல இருக்கு. நான் இங்க நின்னுக்கிட்டு, சந்தியாகு, அவனை வேகத்தைக் கூட்டச் சொல்லும்பேன். சந்தியாகு பத்து எட்டு நடந்துபோயி, குழிக்குள்ள குனிஞ்சு, வேகத்தைக் கூட்டுவியாம்பான். என்ஜின் மெதுவா ஓடுற நேரம் நான் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் சொல்லுறது எனக்கும் கேக்கும். இருந்தாலும் சந்தியாகு போயிச் சொன்னாத்தான் கணக்கு. சிரிக்கிய. கலாசிங்களும் சிரிச்சாங்க. சந்தியாகுக்குத் தபால்காரர்னு பேரு வச்சாங்க. அவனும் சோத்துக் கரண்டியைக் கையில வச்சிக்கிட்டே இங்கயும் அங்கயும் நடப்பான், சலிச்சுக்கவே மாட்டான்.

ஒண்ணு சொல்லணும். சந்தியாகு சொன்னதைச் சொன்னபடி கொண்டு வரமாட்டான். நல்ல மனுசன், யாரு மனசும் நோகக்கூடாது அவனுக்கு. என்ஜின் முழு வேகத்துல கடகடன்னு ஓடுற சமயத்துல அங்க பேசுறது எனக்குக் கேக்காதுல்ல, அப்ப அவன் பாடு கொண்டாட்டம். ரெமி ஒரு நாள், இந்த வேகத்துல ஓட்டுனா ராத்திரிக்குள்ள அடைப்பு பிச்சுக்கிட்டுப் போயிரும், அந்தாளுக்கு மூளை இருக்கா இல்லையான்னு கேளும்னு சொல்லியிருக்கான். சந்தியாகு என்கிட்ட வந்து, அண்ணே, டிரைவர் கொஞ்சம் மெதுவாப் போனா நல்லாருக்கும்னு நினைக்கிறாப்லன்னான். நான், அவன் நினைச்சுக்கிட்டே இருக்கட்டும், வானம் கறுக்கிறதுக்குள்ள நமக்குப் போய்ச் சேரணும்னு சொன்னேன். அதை அங்க போயி, அண்ணன் யோசிச்சுச் சொல்லுதேன்னாருன்னு சொல்லியிருக்கான். இதெல்லாம் எனக்குப் பின்னால, துறைமுக அதிகாரி வச்ச விசாரணையில கலாசிங்க சொல்லித்தான் தெரியும். மூளை இருக்கான்னு கேட்டது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நடக்கிறதே வேற.

ரெண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடிச்ச நேரம், பம்பு நின்னுச்சு. எதனாலன்னா வெங்காயச் சருகு. மூட்டை உரசி உரசி சருகு உதிர்ந்து, கீழ சேருற தண்ணியில விழுந்து, பம்பு வாயில போயி அடைச்சுக்கிச்சு. அந்தச் சண்டைக்குப் பிறகு, வெங்காயம் ஏத்துறதுக்கு முன்னாலயே பம்பு வாயைச் சுத்தி வலை கட்டணும்னு ரெமி சந்தியாகுட்டச் சொல்லி விட்டிருந்தான். அதுக்கும் நான் பாப்போம்னுதான் சொன்னேன். ரெமி சருகைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். எடுத்த உடனே பம்பு திரும்பவும் அடைச்சுக்கிச்சு. அதுக்குள்ள அடைப்பும் விட்டுப்போச்சு. தண்டு வழியா தண்ணி பீச்சிக்கிட்டு வருது. ஒரு மணி நேரத்துல தண்ணி என்ஜினைத் தொட்டுச்சு. கக்கிக் கக்கி நின்னுபோச்சு. பேட்டரியும் அங்கதான் இருக்கு, அதுவும் முங்கிப்போச்சு. இருக்கிற இடம் காட்டுற ஜிபிஎஸ் மிசினும் போச்சு, ரேடியோவும் போச்சு. காம்பஸ் ஒண்ணு மிச்சம். என்ஜின் சத்தம் அடங்குனதும் எட்டுப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம் தம்பி.

அங்கதான் தண்டல் யாருன்னு தெரியும். நான் ஒரு நிமிசம் யோசிக்கல. கச்சான் காத்து, அதான் மேற்கேயிருந்து வருது பாருங்க, நல்லா வீசுது. மாலத்தீவுக்குப் போகணும்னா அதை எதிர்த்துப் போகணும், பாய வச்சு ஆகாது. திரும்பிட்டா அதே காத்து பின்னாலேருந்து தள்ளும், ரெண்டரை நாள்ல கன்னியாகுமரிக் கரையைப் பிடிச்சிரலாம். பாயை ஏத்தச் சொன்னேன். என்ஜின் வந்த பிறகு பாயைத் தொட்டுப் பாக்காத கலாசிங்க. ஒவ்வொருத்தனுக்கும் எந்தக் கயிறுன்னு நானே காட்டி ஏத்துனேன். சூரியனைப் பாத்து, அலை எந்தப் பக்கம் புரளுதுன்னு பாத்து ஓட்டுனேன். விசாரணையில உக்காந்திருந்த அதிகாரிகூடச் சொன்னாரு, மிசின் இல்லாம கொண்டுவந்து சேத்தது பெரிய காரியம்னு. எழுதியே வச்சிருக்காங்க, வேணும்னா காட்டுதேன். சரி, வேண்டாம், அது கிடக்கு.

மூணாம் நாள் காலையில விசயம் முத்திப்போச்சு. பின்பக்கம் தண்ணி சேரச் சேர தோணியோட பின்பக்கம் அமுங்குது. அமுங்குனா பின்னாலேருந்து வாற அலை ஒவ்வொண்ணும் தோணியோட மேல்தட்டு மேல ஏறிப் போகுது. எனக்கு முழங்கால் அளவு வருது. ரெண்டு பேரு கைப்பம்பு அடிக்காங்க, அதுலயும் சருகு. ரெண்டு பேரு வாளியால மொண்டு ஊத்துதாங்க. ஒருத்தன் பாய்க் கயித்துக்கிட்ட. ரெமி குழிக்குள்ள. உள்ள என்ன பண்ணுதான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல.

காலையில ஒரு தடவை சந்தியாகு வந்து, தண்ணி முழங்காலுக்கு இருக்குன்னு டிரைவர் சொல்லுதாருன்னான். அரை மணி கழிச்சு வந்து, தொடைக்கு வந்துட்டுன்னான். எனக்கு ஆத்திரம் தம்பி. தொடையளவு தண்ணியில நிக்கான்ல, பத்து எட்டு மேல வந்து என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? தோணியே முங்குற நேரத்துலயும் இவனுக்கு வீம்பு. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வாரேன். வேலை தெரிஞ்சவன்தான். ஆனா ஆபத்து நேரத்துல கர்வத்தை விடாதவனை நம்பித் தோணியில ஏத்தலாமான்னு உங்க முதலாளி யோசிக்கணும்.

மூணாவது தடவை சந்தியாகு அங்கேயிருந்து என்கிட்ட வந்துக்கிட்டு இருந்தான். பாதி வழியில பின்னாலேருந்து ஒரு அலை ஏறுச்சு. நான் சுக்கானைக் கட்டிப் பிடிச்சேன். கண்ணைத் துடைச்சுப் பாக்கேன், தட்டு மேல சந்தியாகு இல்ல.

நீச்சல் தெரியாத ஆளா அவன்? அவன் பிறந்ததே கடக்கரையில. தலை தெரிஞ்சுச்சு, நல்லாத் தெரிஞ்சுச்சு, கையைத் தூக்குனான். என்ஜின் இருந்தா ஒரு வட்டம் போட்டு எடுத்திரலாம். பாய்த்தோணி காத்தை விட்டுத் திரும்பாது தம்பி, அதுவும் பாதி முங்குனது. பாயை இறக்கச் சொன்னேன். இறக்கியும் காத்து தள்ளிக்கிட்டே போகுது. டீசல் கேனைப் போட்டோம், கயித்தைப் போட்டோம், பலகையைப் போட்டோம். அவன் தூரமாப் போயிக்கிட்டே இருக்கான். அவன் போகல, நாங்கதான் போறோம்.

அதுக்குள்ள அடுத்த அலை. இன்னும் ரெண்டு அலை அப்படி ஏறுனா எல்லாரும் போயிருவோம்னு தெரிஞ்சுபோச்சு. சரக்கறை மூடியைத் திறந்து, பின்பக்கத்து வெங்காய மூட்டையை மட்டும் எடுத்துக் கடல்ல தள்ளச் சொன்னேன். பின்பக்கம் பாரம் குறைஞ்சா பின்பக்கம் தூக்கும்ல. தண்டல் வாயைத் திறக்காம சரக்குல ஒரு மூட்டை கடலுக்குப் போகக்கூடாது, அது எங்க முறை. நான் சொன்னேன், தள்ளுனாங்க. நானும் சுக்கானை ஒருத்தன்கிட்டக் கொடுத்துட்டுத் தள்ளுனேன். இருநூறு மூட்டை இருக்கும். தோணி பின்பக்கம் தூக்குச்சு. அலை ஏறுறது நின்னுச்சு.

ஆனா தம்பி, வெங்காய மூட்டை மிதக்கும். கடல் பூராவும் மூட்டை. அதுல எது மூட்டை எது சந்தியாகு தலைன்னு தெரியல. அந்தா அந்தான்னு ஒருத்தன் கத்துவான், பாத்தா மூட்டை. இந்தப் பக்கம் ஒருத்தன் கத்துவான், அதுவும் மூட்டை. வெயில் உச்சிக்கு வாற வரைக்கும் பாத்தோம். பிறகு நான் பாயை ஏத்தச் சொன்னேன். அதைச் சொன்னவனும் நான்தான்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

மறுநாள் கன்னியாகுமரிக்குத் தெக்க ரெண்டு விசைப்படகு எங்களைப் பாத்துக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்பத்தான் ரெமி குழியிலேருந்து முழுசா வெளிய வந்தான். ரெண்டு உள்ளங்கையிலயும் தோல் இல்ல. என்னன்னா, அந்த ஓட்டையில சாக்கையும் லுங்கியையும் சுருட்டி அடைச்சு, தண்ணி வேகத்துல அது பிடுங்கிக்கிட்டு வராம கையால அமுக்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கான். ஒரு நாள் பூராவும். கையை எடுத்தா தோணி போயிரும். சந்தியாகு விழுந்ததை அவனுக்குக் கலாசிங்க குழிக்குள்ள எட்டிப் பாத்துச் சொல்லியிருக்காங்க, அப்பயும் கையை எடுக்கலை. வேற ஒருத்தனைப் பிடிக்க வச்சிட்டு வந்திருக்கலாம்னு நான் விசாரணையில சொன்னேன். வேற யாரு இருந்தாங்கன்னு அந்த அதிகாரி கேட்டாரு. கேக்கிறவங்களுக்கு ஈசி.

விசாரணையில நான் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். டிரைவர் நேரா வந்து சொல்லாம பண்டாரியை அனுப்பினதால, பண்டாரி என்கிட்ட வந்துக்கிட்டு இருக்கும்போது அலை அடிச்சுச்சுன்னு. ரெமியைக் கேட்டாங்க. நான் குழிக்குள்ள இருந்தேன், பாக்கலன்னு சொல்லிட்டான். ஒரு வார்த்தை கூட இல்ல, ஒரு வார்த்தை குறைய இல்ல.

சந்தியாகு சம்சாரம் விக்டோரியா வீட்டுக்கு ஜெசிந்தா வாரம் ஒரு தடவை போவா. நான் ஒரே தடவைதான் போனேன். அது, அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டுச்சு. மாதாவேன்னு கூப்பிட்டான்னு சொன்னேன். அப்படிச் சொல்லாம என்ன சொல்ல முடியும்? அது அழுதுச்சு, ஆனா கொஞ்சம் தேறுன மாதிரி இருந்துச்சு.

அவ்வளவுதான் தம்பி. இனி உங்க முதலாளி பாடு.

என்ன கேக்கிய? திரும்பச் சொல்லுங்க.

பின்பக்கத்து மூட்டையைத் தள்ளணும்னு எனக்கு எப்படித் தெரியும்னா? முப்பத்தோரு வருசம் தண்டலா இருந்தவன், பின்பக்கம் அமுங்குனா பின்பக்கத்துப் பாரத்தைக் குறைக்கணும்னு தெரியாதா? தெரியும்தான். அப்ப காலையிலேயே ஏன் தள்ளலைன்னு கேக்கிய. அது… சரக்கு தம்பி. அதுக்கு ஒரு நேரம் வரணும்ல. நீங்க கடலுக்குப் போயிருந்தா இப்படிக் கேக்கமாட்டிய. உங்களுக்கு ஃபேனுக்குக் கீழ உக்காந்து கேக்க லேசா இருக்கு.

கோவிச்சுக்காதிய. உக்காருங்க. ஆமா, நீங்க யாரு சொல்லி என்கிட்ட வந்திய? துறைமுகத்துல விசாரிச்சியளா?

ரெமியா?

அவனே சொன்னானா? என்னன்னு சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. தண்டலைக் கேளுங்க, அவரு என்ன சொல்லுதாரோ அதுதான்னா? அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலையா? கையைக் காட்டினானா? காட்டலையா.

அவனுக்குத் தெரியும் தம்பி. நான் சொன்னேன்ல, நான் பேசுறது அவனுக்குக் கேக்கும், அவன் பேசுறது எனக்குக் கேக்கும்னு. என்ஜின்தான் நின்னுபோச்சே. பத்து எட்டு. எல்லாம் கேட்டிருக்கும் அவனுக்கு. விசாரணையில நான் எழுதிக் கொடுத்ததை அவங்க வாசிச்சுக் காட்டுனப்ப அவன் பக்கத்துப் பெஞ்சியிலதான் உக்காந்திருந்தான். கையில கட்டு போட்டிருந்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். நான் அதை, தப்பு பண்ணுனவன் தலையைக் குனியுதான்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்.

ஜெசிந்தா, அந்தக் கதவைச் சாத்து. நீ உள்ளயே இரு.

சந்தியாகு என்கிட்ட வந்துக்கிட்டு இல்ல. வந்து சொல்லிட்டான். எப்பவும் கொஞ்சம் மழுப்பித்தான சொல்லுவான், அன்னைக்கு மழுப்பல. என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அண்ணே, இதை அவன் சொன்ன மாதிரியே சொல்லுதேன், பின்பக்கத்து மூட்டையை இப்பவே தள்ளச் சொல்லுங்க, இன்னும் கால் மணி நேரம்தான் தோணி தாங்கும்னான். முகமெல்லாம் உப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அவனுக்கு வாய் இருக்குல்ல. அவனையே வந்து என்கிட்டக் கேக்கச் சொல்லு.”

சந்தியாகு என்னைப் பாத்தான். பிறகு சரிண்ணேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நடந்தான். ஆறு எட்டு வச்சிருப்பான். மாதாவேன்னும் கூப்பிடல, ஒண்ணும் கூப்பிடல. அவன் கடைசியாச் சொன்னது சரிண்ணே. என்னைப் பாத்துச் சொன்னது. அதை எப்படித் தம்பி அந்தப் பொம்பளகிட்டப் போயிச் சொல்லுவேன்?

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஜெசிந்தாகிட்டயும் இல்ல. இப்ப அவ கேட்டுட்டா. கேக்கட்டும்.

ரெமியை எடுத்துக்கிடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. அவன் ஒண்ணு வேணும்னு கேட்டா மறுபேச்சுப் பேசாம வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க உங்க முதலாளியை. அடைப்பு தளர்ந்துபோச்சுன்னு அவன் சொன்னா தளர்ந்துபோச்சு. ஓட்டம் வேண்டாம்னு சொன்னா வேண்டாம். நாங்க ஏழு பேரு இன்னைக்குச் சோறு திங்கோம்னா அது நான் பாயை ஏத்துனதால இல்ல, அவன் கையை எடுக்காததால. அந்த அதிகாரி எழுதினதை விட்டுத்தள்ளுங்க.

என்ன, போனை எடுக்கிய? யாருக்கு? வேண்டாம் தம்பி. இப்ப வேண்டாம். மணி அடிக்குதா? அதை என் பக்கம் நீட்டாதிய. என்னன்னு பேசுவேன் நான்? பதினொரு மாசம். ஒரே தெருவு, ஒரே கோயில். அவன் வாறதைப் பாத்தா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். இப்ப திடுதிப்புனு ரெமி, நான்தான்னு எப்படிச் சொல்ல? வாய் வரமாட்டேங்குது தம்பி.

எடுத்துட்டானா?

நீங்க பேசுங்க. நீங்களே சொல்லிருங்க, தண்டல் எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க, உள்ளதை உள்ளபடி சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. இங்க நின்னு பேசாதிய, வாசல்ல போயிப் பேசுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்.

அவன் என்ன சொன்னான்னு மட்டும் எனக்கு வந்து சொல்லிட்டுப் போங்க.